மஹினின் குதிரைகள்

முதல் இசைத்தட்டு விற்காமல் போவதில் அதிசயம் எதுவுமில்லை. அப்படி விற்காமல் போன தட்டிலிருந்த ஒரு பாட்டை, அது வெளிவந்தபோது பிறந்தேயிராத பையன்களும் பெண்களும் ஒரு வரி விடாமல் பாடுவதுதான் அதிசயம். கொல்கத்தாவின் கல்லூரி மாணவர்கள் கிடாரோடு வட்டமாக உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் 'ஹாய் பாலோபாஷி' என்ற பாட்டு வந்துவிடும். பாடுகிறவர்களில் பலருக்கு அது எந்த ஆண்டுப் பாட்டு என்பது தெரியாது. மூலத் தட்டைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் குறைவு.

தட்டு வெளிவந்த ஆண்டு 1977. வெளியிட்டது ஏழு இளைஞர்களின் குழு. பெயர் 'மொஹினேர் கோடாகுலி'. தமிழில் 'மஹினின் குதிரைகள்'. பெரிய கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல் தாங்களே பாட்டுக் கட்டி, ஊர்ப் பாடலையும் கிடாரையும் ஒன்றாக முடிந்து, முதல் ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் சுயேச்சையான குழுக்கள் இன்று பெங்களூரிலும் கொச்சியிலும் ஷில்லாங்கிலும் இருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் இந்த ஏழு பேர் மூத்தவர்கள். வங்காளத்தின் முதல் ராக் குழு என்று இவர்களை அழைப்பதுண்டு. 'முதல்' என்ற பட்டத்தை வழங்குவதில் நம் நாட்டில் யாருக்கும் கஞ்சத்தனம் கிடையாது, அது கிடக்கட்டும். வாசித்தது முழுக்க ராக்கும் அல்ல. 'பாவுல் ஜாஸ்' என்பது அவர்கள் சார்பில் வழங்கிய பெயர். ஊர் ஊராகத் திரிந்து பாடும் வங்காளத்துப் பாவுல் துறவிகளின் பாட்டையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்தார்கள்.

குழுவின் மையம் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். கிடார், சாக்ஸஃபோன் இரண்டும் வாசிப்பார். அறுபதுகளின் முடிவில் அந்தக் கல்லூரியின் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரைப் போல அவரும் நக்சல்பாரி அரசியலுக்குள் போனார், சிறைக்கும் போனார். வெளியே வந்த பிறகு சில காலம் கல்கத்தாவை விட்டு விலகி, மத்தியப் பிரதேசத்தில் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தார். ஊர் திரும்பியதும் 1975 வாக்கில் குழு உருவாயிற்று. பாதிக் குழு ஒரே குடும்பம். தம்பிகள் பிரதீப்பும் விஸ்வநாத்தும், ஒன்றுவிட்ட சகோதரர் ரஞ்சன் கோஷாலும் சேர்ந்தார்கள். பாட்டுக்கும் கிடாருக்கும் தபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய். வயலினுக்கும் பியானோவுக்கும் ஆபிரகாம் மஜும்தார். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அது ஒட்டவில்லை. வேறு சில பெயர்களும் வந்து போயின. கடைசியில் ரஞ்சன் ஒரு கவிதையிலிருந்து இந்தக் குதிரைகளை ஓட்டி வந்தார்.

கவிதை ஜீவனானந்த தாஸுடையது. 1948-ல் வெளிவந்த 'சாத்டி தாரார் திமிர்' தொகுப்பில் 'கோடா' என்ற தலைப்பில் இருக்கிறது. மஹின் யார் என்று கவிஞர் சொல்வதில்லை. அவனுடைய குதிரைகள் நிலா வெளிச்சத்தில் புல் மேய்கின்றன, கற்காலத்திலிருந்து இன்னும் மேய்ந்து முடிக்காதவை போல. தாகூருக்குப் பின் வங்காளம் கண்ட பெருங்கவி என்று இன்று போற்றப்படும் ஜீவனானந்தர், 1954-ல் கல்கத்தாவில் டிராம் மோதிக் காயமடைந்து, சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தவர். அவர் எழுதிய நாவல்களும் கதைகளும் டிரங்குப் பெட்டிகளில் கிடந்து, இறந்த பிறகே அச்சேறின. குழுவுக்குப் பெயர் தேடியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் பெயரோடு கவிஞரின் ராசியும் சேர்ந்து வந்துவிட்டது.

இனி அந்த முதல் தட்டு. 'சங்விக்ன பாகிகூல் ஓ கொல்கத்தா பிஷயக்' என்பது தலைப்பு. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் லேசில் பிடி கொடுக்காது. 'பாகிகூல்' பறவைக் குலம்; நம் பழைய சொல்லில் 'புள்ளினம்'. 'சங்விக்ன' என்பது கலக்கமுற்ற, நிலைகொள்ளாத. 'பிஷயக்' என்பது அரசாங்கக் கோப்பின் மேல் எழுதும் 'பொருள்' அல்லது 'தொடர்பாக' என்ற சொல்லின் உறவு. ஆக, 'கலக்கமுற்ற புள்ளினமும் கல்கத்தா தொடர்பாகவும்'. பாதி கவிதை, பாதி சுற்றறிக்கை. பாட்டுப் புத்தகங்களில் நிலாவும் மாலையும் கண்ணீரும் தலைப்பாக வந்துகொண்டிருந்த நாளில், கடைக்காரரிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லித் தட்டுக் கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

கல்கத்தா அந்தத் தலைப்புக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மெட்ரோ ரயிலுக்காக 1972 இறுதியில் அடிக்கல் நாட்டிய பிறகு தெருக்களைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். முதல் ரயில் ஓடியது 1984-ல். மின்வெட்டு அன்றாடச் சங்கதி. மின்சாரத்தை நம்பிய இசைக் குழுவுக்கு இது சின்ன இடைஞ்சல் அல்ல. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலகியது, ஜூனில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. சிறையிலிருந்த பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பாத பிள்ளைகளின் வீடுகளும் இருந்தன.

'ஹாய் பாலோபாஷி' இந்தத் தட்டில் இருக்கிறது. 'ஐயோ, நேசிக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். பாடுகிறவன் தனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்குகிறான்: நிலவு, ஓவியர் பிக்காஸோ, சினிமாக்காரர் புனுவேல், பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர். படித்த நகரத்து இளைஞனின் புத்தக அலமாரியை அப்படியே பாட்டில் இறக்கிவைத்த மாதிரி. பிறகு, வயலிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்துகிறவர்களைப் பார்க்கும்போது இவற்றில் எதுவும் ருசிக்கவில்லை என்று நிற்கிறான். கோஷம் போடவில்லை. கொடி பிடிக்கவில்லை. இரண்டையும் செய்துவிட்டுச் சிறை பார்த்துத் திரும்பியவர் தலைமையேற்ற குழுவின் பாட்டு என்பதை நினைத்தால், இந்தத் தயக்கத்தின் எடை புரியும். மெட்டு எளிமையானது, ஒருமுறை கேட்டால் முணுமுணுக்க வருகிறது. இன்று கேட்கும்போது, இது ஏன் அன்றே பிடிக்கவில்லை என்ற கேள்வி தவிர்க்க முடியாமல் எழுகிறது.

விடை வங்காளத்தின் பாட்டு வியாபாரத்தில் இருக்கிறது. அங்கே பாட்டுக்கு ஒரு பருவம் உண்டு. தீபாவளிக்குப் படம் வருவது போல, துர்கா பூஜைக்குப் புதுப் பாட்டு வரும். எச்.எம்.வி. கம்பெனி அந்தப் பாடல் வரிகளை அச்சிட்டு 'சாரத் அர்க்ய' என்று ஒரு புத்தகமே ஆண்டுதோறும் போடும். ஹேமந்த முகர்ஜி, மன்னா டே, சந்தியா முகர்ஜி என்று குரல்கள் நிலைபெற்றிருந்தன. எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், பின்னால் வாத்தியக்காரர்கள். தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, வாசித்து, கூட்டாகப் பாடி, 'இது எங்கள் எல்லோருடைய பாட்டு' என்று வந்து நிற்பவர்களை எந்த அலமாரியில் வைப்பது என்று அந்த வியாபாரத்துக்குத் தெரியவில்லை. வானொலி அரசின் கையில். கல்கத்தாத் தொலைக்காட்சிக்கு அப்போது வயது இரண்டு. அதுவும் அரசின் கையில்.

இன்னொரு சுவரும் இருந்தது. வங்காளிகளுக்குப் பாட்டு என்பது பண்பாட்டின் கருவூலம். கருவூலத்துக்குக் காவலர்கள் உண்டு. ரவீந்திர சங்கீதத்தின் பதிப்புரிமை 2001 இறுதிவரை விஸ்வபாரதியிடம் இருந்தது. பதிவான பாட்டு அதன் இசைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். தேவவிரத பிஸ்வாஸ் போன்ற மாபெரும் பாடகரின் பதிவுகளிலேயே வாத்தியம் அதிகம், முறை தவறுகிறது என்று குற்றம் கண்டார்கள். மனம் நொந்த அவர் ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். அவருக்கே அந்தக் கதி என்றால், சாக்ஸஃபோனும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு வங்காளி மொழியில் பாடவந்த பிள்ளைகளுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? மேற்கத்திய இசைக்குக் கல்கத்தாவில் இடம் இல்லாமல் இல்லை. பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் இரவு நேரத்தில் தாராளமாக வாசித்தார்கள். ஆனால் அங்கே பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும், கேட்பவர் கையில் கோப்பை இருக்கும். வங்காளி மொழிக்கு அந்த வாசலில் வேலை இல்லை என்பது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. ஏழு பேர் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள். இரு தரப்பும் முகம் சுளித்தன.

பாவுல் விஷயம் இன்னும் வேடிக்கை. பாப் டிலன் 1967-ல் வெளியிட்ட 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தட்டின் அட்டையில் அவரோடு நிற்பவர்களில் இருவர் வங்காளத்துப் பாவுல் பாடகர்கள், பூர்ணதாஸும் லக்ஷ்மண்தாஸும். ஏக்தாராவோடு பாவுல் அமெரிக்கா போய் வந்துவிட்டார். பீர்பூம் மாவட்டத்தில் அஜய் நதிக்கரையில், ஜெயதேவர் பெயரால் நடக்கும் கெந்துளித் திருவிழாவுக்குத் தை மாதப் பிறப்பில் கல்கத்தாக்காரர்கள் கூட்டமாகப் போய்ப் பாவுல் பாட்டுக் கேட்டு மெய்ம்மறந்து வருவார்கள். காவி அங்கியோடு மரத்தடியில் உட்கார்ந்தால் பாவுலுக்குக் கும்பிடு. அதே பாட்டின் சுழலையும் கிறுக்கையும் பேண்ட் போட்ட இளைஞன் மேடைக்குக் கொண்டுவந்தால் அது அபசாரம்.

குழு உடனே சோர்ந்துவிடவில்லை. 1978-ல் ஒன்று, 1979-ல் ஒன்று என்று மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டாவதன் தலைப்பு பறக்கும் தட்டைப் பற்றியது: 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்பதை வங்காளியில் சொல்லி, முதலெழுத்துக்களைக் கோத்துச் சுருக்கப் பெயரும் வைத்தார்கள். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் தெம்பு இருந்தது. ஸ்டார் தியேட்டர், ரவீந்திர சதன், செயின்ட் பால் கதீட்ரல் என்று மேடைகளும் கிடைத்தன. 1980-ல் கல்கத்தா ஜாஸ் விழாவில் வாசித்தார்கள். ஆனால் தட்டு விற்காமல், சம்பளம் இல்லாமல், ஏழு பேர் எத்தனை நாள் ஒத்திகைக்கு வருவார்கள்? 1981-ல் கலைந்தார்கள். விஸ்வநாத் அமெரிக்கா போனார். ரஞ்சன் பெங்களூரில் விளம்பரத் தொழிலிலும் நாடகத்திலும் இறங்கினார். ஆபிரகாம் பின்னாளில் கல்கத்தாவிலேயே இசைப் பள்ளி தொடங்கிக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தந்தார். கௌதம் சினிமாவுக்குப் போனார். 'நாக்மதி' என்ற அவருடைய படம் வங்காளிப் பிரிவில் தேசிய விருது பெற்றது. அஸ்ஸாமின் கார்பி மலைமக்களிடையே போய், அவர்களைப் பற்றிப் படமெடுப்பதில் ஆண்டுக்கணக்கில் செலவிட்டார்.

பாட்டுக்கள் என்ன ஆயின? தட்டுக்கள் பரணுக்குப் போயின. பாட்டுக்கள் வாய்க்குப் போயின. அண்ணனிடமிருந்து தம்பி, விடுதி அறையில் மூத்த மாணவனிடமிருந்து இளையவன் என்று ஒருவர் பாட இன்னொருவர் கற்றுக்கொண்டார். நாட்டுப்பாடல் பரவும் வழி இதுதான். நாட்டுப்பாடலைப் பாட வந்தவர்களின் சொந்தப் பாட்டே நாட்டுப்பாடலாகிவிட்டது. அதற்குரிய விலையையும் கேட்டு வாங்கிக்கொண்டது. பாட்டு பிழைத்தது, பாடியவன் பெயர் உதிர்ந்தது.

1992-ல் சுமன் சட்டோபாத்யாய் 'தொமாகே சாய்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். ஒரே ஆள், தன் சொல், தன் மெட்டு, தன் கிடார். அது வங்காளத்தையே புரட்டிப் போட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அலமாரியில் இடம் கிடைக்காத சரக்குக்கு இப்போது தனி அலமாரியே வந்துவிட்டது. இந்த நேரத்தில் கௌதம் திரும்பி வந்தார். வேறு யாராக இருந்தாலும் பழைய மூன்று தட்டுக்களையும் ஒலிநாடாவில் போட்டு, 'உங்களுக்கெல்லாம் முன்னோடி நான்' என்று முதுகில் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் செய்தது வேறு.

1995-ல் கல்கத்தா புத்தகச் சந்தையில் ஓர் ஒலிநாடா வெளியாயிற்று. 'ஆபார் பொச்சோர் குடி போரே', மீண்டும் இருபது ஆண்டுகள் கழித்து. இந்தச் சொற்களும் ஜீவனானந்தரிடம் எடுத்ததுதான். அதன் மேல் இருந்த ஒரு சொல்தான் கவனிக்க வேண்டியது: 'மொஹினேர் கோடாகுலி சம்பாதித'. 'சம்பாதித' என்றால் தொகுத்தது, பதிப்பித்தது. இசை உலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. அது சிறுபத்திரிகைக்காரரின் சொல். 1953-ல் 'கிருத்திபாஸ்' தொடங்கியதிலிருந்து கல்கத்தாவில் எத்தனையோ இளைஞர்கள் கைக்காசைப் போட்டு, சில நூறு பிரதி அடித்து, நண்பர்களின் கவிதையைத் தங்கள் கவிதையோடு சேர்த்து வெளியிட்டுப் பழகிய ஊர் அது. புத்தகச் சந்தையில் சிறுபத்திரிகைகளுக்கென்று மேசைகள் உண்டு. கௌதம் தன் குழுவின் பெயரை ஒரு சிறுபத்திரிகையின் பெயராக்கினார். அந்தப் பெயரின் கீழ் பழைய பாட்டும் இருந்தது, யாரும் கேள்விப்படாத புதுப் பிள்ளைகளின் பாட்டும் இருந்தது. 1996, 1997 என்று தொகுப்புக்கள் தொடர்ந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் 'க்யாபார் கான்', பித்தனின் பாட்டு. பாவுல்களைப் பித்தர் என்று அழைப்பது அங்கே வழக்கம். சித்தரையும் பித்தரையும் சேர்த்தே அறிந்த நமக்கு விளக்கத் தேவையில்லை.

தாராள குணம் என்று இதைப் பாராட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதன் விளைவு, எது யார் பாட்டு என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை. பிறர் எழுதி, பிறர் பாடிய பாட்டுக்களும் 'மொஹினேர்' பாட்டு என்றே வழங்குகின்றன. புதியவர்களில் சிலருக்குத் தங்கள் பெயர் பெரிய பெயருக்குள் கரைந்துபோனதாக வருத்தம் இருந்தால் அது நியாயமே. பெயர் கொடுத்தவருக்குத் தன் முதல் தட்டின் பெயரே அழிந்துபோனது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் அவரைப் போல் இருக்க வேண்டும் என்று யார் கேட்க முடியும்?

1995 ஒலிநாடாவில் 'பிருதிவி' என்று ஒரு பாட்டு. உலகம் சுருங்கிச் சுருங்கி, செயற்கைக்கோளும் கேபிளும் கைகொடுக்க, வரவேற்பறை டி.வி. பெட்டிக்குள் அடைபட்டுவிட்டது என்று கிண்டல் செய்வது. கேபிள் டி.வி. வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் சரியாக வந்து விழுந்த பாட்டு. 2006-ல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் அதே மெட்டு 'பீகி பீகி' என்று காதல் பாட்டாக வந்தது. இசையமைப்பாளர் பிரீதம், பாடியவர் பங்களாதேஷின் ராக் பாடகர் ஜேம்ஸ். நாடு முழுவதும் அது ஒலித்தது. டி.வி. பெட்டியைக் கேலி செய்த மெட்டு டி.வி. பெட்டிக்குள் நாள் முழுக்க ஓடியது. வங்காளத்துக்கு வெளியே அதை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு மஹினின் குதிரைகளைத் தெரியும்?

கௌதம் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1999 ஜூனில், ஐம்பதை ஒட்டிய வயதில், மாரடைப்பில் இறந்துவிட்டார். கார்பிகளைப் பற்றிய படம் முடியாமல் நின்றது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் வங்காளத்தில் இசைக் குழுக்கள் புற்றீசல் போலக் கிளம்பின. கல்லூரி விழாவுக்குக் குழு, பூஜைப் பந்தலுக்குக் குழு. 'பேண்ட்' என்ற சொல் வங்காளிச் சொல்லாகவே ஆகிவிட்டது. அவர்களில் நன்றாகச் சம்பாதித்தவர்களும் உண்டு. கௌதமின் மகன் கௌரவும் 'லக்கிசாடா' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தார்.

முதல் தட்டைப் போட்ட ஏழு பேரில் ரஞ்சன் கோஷால் 2020-ல் காலமானார். பாபி என்று எல்லோரும் அழைத்த தபஸ் தாஸ், 'மொஹின் எகோன் ஓ பொந்துரா', அதாவது 'மஹின் இப்போது, கூடவே நண்பர்கள்' என்ற பெயரில் இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாட்டுக்களை மேடையில் பாடிவந்தார். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டாக ஊரே பாடுகிற பாட்டுக்களில் பங்குள்ள ஒருவரிடம், வைத்தியத்துக்குப் போதிய பணம் இல்லை. கொல்கத்தாவின் இசைக் குழுக்கள் ஒன்றுகூடி நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டின. ரசிகர்கள் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவர் பாடினார். 2023 ஜூன் மாதம் இறந்தார்.